பறக்கும் முன் படித்துவிடுங்கள்!
(இறுதியாண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



நம் அண்ணன்மார் காலத்தில் ஐ.வி. என்றால் நெய்வேலி, மேட்டூர், மிஞ்சிப்போனால் பெங்களூர். இன்று சில கல்லூரிகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று மாணவர்களை அனுப்புகின்றன. நம் நிர்வாகமும் விமானக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, 18 மாணவர்களை 2 ஆசிரியர்களுடன் ஐந்து நாள் சிங்கப்பூருக்கு அனுப்பி வைத்தது. அந்தக் குழுவின் மாணவர் ஒருங்கிணைப்பாளர் நான். மூன்று மாதம் ஃபைலும் கையுமாக அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை, அடுத்துப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். சுற்றிப் பார்த்த கதையை டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே புறப்படும் முன் செய்யவேண்டியது மட்டும்.

கல்லூரிப் பயணம் சொந்தப் பயணம் அல்ல

"பாஸ்போர்ட் இருக்கு, டிக்கெட் வந்தாச்சு, அப்புறம் எதுக்கு இத்தனை கையெழுத்து?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் சுலபம். சொந்தக் காசில் போனால் நீங்கள் ஒரு பயணி. கல்லூரி அனுப்பினால் கல்லூரியின் பொறுப்பில் இருக்கும் மாணவர். அந்தப் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அனுமதிக் கடிதம் சொல்கிறது: யார் யார், எந்தத் தேதி, எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை, எங்கே தங்கல், உடன் வருபவர் யார். கடிதத்தில் உள்ள இடத்தில் உங்களுக்கு ஒன்று என்றால் கல்லூரி ஓடி வரும். கடிதத்தில் இல்லாத இடத்துக்கு நீங்களாகப் போனால், நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில், சுற்றுலா சென்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் படமெடுக்க பியாஸ் நதிக்குள் இறங்கினார்கள். லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் 24 மாணவர்கள் போய்விட்டார்கள். உள்நாட்டிலேயே இப்படி என்றால், மொழியும் சட்டமும் புதிதான ஊரில் எத்தனை கவனம் வேண்டும்! கையெழுத்துகள் நம்மைக் கட்டிப்போட அல்ல, கிணற்றில் இறங்குபவன் இடுப்பில் கட்டும் கயிறு மாதிரி.

உடன்வரும் ஆசிரியர் அரசு ஊழியரானால் அவருக்கும் துறையின் முன் அனுமதி வேண்டும். அது வர நாளாகும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

பெயரும் இனிஷியலும் படுத்தும் பாடு

எங்களில் தேர்வானவர்கள் 19 பேர். போனவர்கள் 18. வராமல் போன நண்பனின் அப்பா நெசவாளி. தங்கும் செலவுக்கான பணத்தை மூன்று தவணையாகக் கட்டியிருந்தார். பையனுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு ஸ்பெல்லிங், பிறந்த தேதியும் வேறு. திருத்தி முடித்து பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. என்றைக்கோ யாரோ அவசரத்தில் எழுதிய எழுத்து அது. பணம் திரும்பக் கிடைத்தது, பயணம் கிடைக்கவில்லை.

அதனால் தேர்வு லிஸ்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலாண்டிலேயே மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்கள் (அதாவது நாம் எல்லோரும்) பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழையே ஆதாரமாகக் காட்டலாம்.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் "எஸ்." என்று மட்டும் எழுத முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டால் வெளிநாட்டில் உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். எங்கள் விடுதி வரவேற்பறையில் ஒவ்வொருவன் அப்பா பெயரும் ஏலம் போனது தனிக் கதை! சிரிப்பு இருக்கட்டும், அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதிலும் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. எப்படி எழுதினாலும் சரி, பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் டிக்கெட்டிலும் விசாவிலும் இன்சூரன்ஸிலும் இருக்க வேண்டும்.

வயதுக் கணக்கும் பாருங்கள். நம்மில் பலர் 18 நிரம்பாதவர்கள். மைனர் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். சிங்கப்பூர் போக பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். அப்படியானால் பதினேழரை வயதைத் தாண்டியவனின் மைனர் பாஸ்போர்ட் கையில் இருந்தும் பயனில்லை. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கும்போதே 10 ஆண்டுப் பாஸ்போர்ட் கேட்கலாம். பெற்றோர் ஒப்புதல் படிவம் கட்டாயம். விடுதி மாணவர்கள் எந்த முகவரியைக் கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். போலீஸ் விசாரணை வரும்போது ஆள் அங்கே இருக்க வேண்டுமே!

விசா எதற்குக் கொடுத்தார்கள்?

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். விசா கிடைத்த பிறகு, வருகை அட்டை என்ற படிவத்தை அங்கே இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறை இதற்குக் காசு வாங்குவதில்லை. காசு கேட்டால் அது போலித் தளம்.

முக்கியமான விஷயம்: பார்வையாளராக நுழைந்தவன் வேலை செய்யக் கூடாது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். "இன்னும் இரண்டு வாரம் இருந்து மெஷினில் பழகிக்கிறேன் சார்" என்றால் கணக்கே வேறு. பயிற்சிக்கென்று தனி பாஸ் உண்டு. அது இல்லாமல் மெஷினைத் தொட்டால் உங்களுக்கும் தொல்லை, அழைத்த நிறுவனத்துக்கும் தொல்லை.

பெட்டிக்குள் என்ன?

அம்மா கட்டிக்கொடுக்கும் பெட்டியை நாமே ஒரு தடவை பிரித்துப் பார்ப்பது நல்லது.

மசாலாப் பொடி: அதில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைப்பது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அது போதைப்பொருள் கட்டுப்பாட்டில் வரும் சரக்கு.

மருந்து: டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை வேண்டாம். சில இருமல் மருந்துகளிலும் தூக்க மாத்திரைகளிலும் உள்ள பொருளுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை இருப்பவர்கள் கூச்சப்படாமல் உடன்வரும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் படிவத்திலும் மறைக்காதீர்கள். மறைத்த வியாதிக்குப் பணம் வராது.

சூயிங்கம், வாயில் போடும் புகையிலை: சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் வரி உண்டு. மின்-சிகரெட் அங்கே வைத்திருப்பதே குற்றம். நம் நாட்டிலும் 2019 முதல் அதன் விற்பனைக்குத் தடை.

பவர் பேங்க்: இது நம் துறை! கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-மணி, பிழைத்தது. 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எழுத்து அழிந்த மலிவு சரக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

புராஜெக்ட் மாடல்: ஒயரும் பேட்டரியும் தொங்கும் சர்க்யூட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு செக்யூரிட்டி முன் நிற்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில் அது என்ன பொருள் என்று ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளையர் எல்லாம் சரக்குப் பெட்டிக்கு. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் சாக்கெட் சதுரக்கால் மூன்று பின், அதற்கேற்ற அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் பார்சல்

"தம்பி, ஊருக்குத்தானே போறீங்க, இந்தச் சின்னப் பொட்டலத்தை வீட்ல குடுத்துடுங்க." கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சிங்கப்பூர்ச் சட்டத்தில், உங்கள் பையில் உள்ளது உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது என்று அனுமானித்துக்கொள்வார்கள். "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே தூக்குத் தண்டனை வரை போகும். திரும்பும்போது தங்கம் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. நகைக்கான வரிச்சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்குத்தான், ஐந்து நாள் டூர் போன நமக்கு இல்லை. குருவி வேலைக்கு மாணவனின் முகம் வசதியாக இருக்கும் என்று நினைப்பவர்களிடம் ஜாக்கிரதை. பெட்டியை நீங்களே அடுக்குங்கள், நீங்களே பூட்டுங்கள்.

"ஒரு மணி நேரம்தான் மேடம்!"

எங்கள் குழுவில் ஒருவனுக்கு ஜோகூர் பாலத்தைத் தாண்டிப் போய்வர ஆசை. "பக்கத்துலதான் மேடம், ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்றான். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா, வேறு நாடு. நம் அனுமதிக் கடிதத்திலும் அது இல்லை, இன்சூரன்ஸிலும் இல்லை. சிங்கப்பூர் விசா ஒரே தடவை நுழைவதற்கானது என்றால் திரும்பவும் உள்ளே வர முடியாது. மேடம் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அவன் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இன்னொருவனின் மாமா அங்கேயே கட்டுமான வேலையில் இருக்கிறார். மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. அவன் புறப்படும் முன்பே எழுதிக் கேட்டான். மாமாவின் பெயரும் சந்திக்கும் நேரமும் இடமும் பயணத் திட்டத்தில் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுதி வாசலில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். விதி என்றால் எதற்கும் மறுப்பு என்று நினைக்காதீர்கள். முன்கூட்டிக் கேட்டால் வழி உண்டு, கடைசி நிமிஷத்தில் கேட்டால் கதவு சாத்தித்தான் இருக்கும்.

தொழிற்சாலைக்குள் மூடிய ஷூ, சொன்ன கோட்டுக்குள் நடை, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்துவதற்கு அங்கே 2015 முதல் தடை உண்டு. நமக்கோ கல்லூரிப் பயணத்தில் எந்த நேரமும் தடைதான்!

ஏதாவது ஆகிவிட்டால்

சிங்கப்பூரில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார். பிறகு அந்தப் புகாரோடு கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகம். அவசரச் சான்றிதழ் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட் உங்கள் பெட்டியில், ஒரு செட் ஆசிரியரிடம், ஒரு செட் கல்லூரி அலுவலகத்தில், ஒரு செட் வீட்டில். செல்போன் சார்ஜ் தீர்ந்தாலும் எண்கள் இருக்கும்படி ஒரு சீட்டில் எழுதி சட்டைப்பையில் வையுங்கள். பில், போர்டிங் பாஸ் எதையும் கிழித்துப் போடாதீர்கள். கணக்கு முடிக்காமல் ஒரு குழு திரும்பினால் அடுத்த வருஷக் குழுவுக்குத்தான் கஷ்டம்.

அழைப்பது யார்?

கடைசியாக ஒன்று. நன்கு யோசித்துப் படியுங்கள். "வெளிநாட்டில் பயிற்சி, செலவெல்லாம் எங்களுடையது" என்று கல்லூரியைத் தாண்டி நேரடியாக உங்கள் செல்லுக்கு வரும் அழைப்பை நம்பாதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லைக்குள் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்கள் பற்றி 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள்தான். அழைப்புக் கடிதத்தைத் துறைத்தலைவரிடம் காட்டுங்கள். அந்த நிறுவனத்தின் எண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காமல் நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். வேலை என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். "விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நண்பர்களே, டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளை நம்பிக் கடல் தாண்டி அனுப்ப ஒரு நிர்வாகம் முன்வருவது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு குழுவும் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பினால்தான் அடுத்த குழுவுக்குக் கதவு திறக்கும். முதல் வேலையாக இன்றைக்கே வீட்டு அலமாரியைத் திறந்து அந்த மூன்று சான்றிதழ்களையும் எடுத்துப் பாருங்கள். அடுத்த பட்டியலில் உங்கள் பெயர் வரும்போது, எழுத்துப் பிழை இல்லாமல் வரட்டும். பயணம் சிறக்க வாழ்த்துகள்!