கணினி நினைவகமும் அதன் தீராச் சிக்கல்களும்

கணினியிற் செய்நிரல்கள் பல ஒரே வேளையில் இயங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியதுபோலத் தொழிற்படுகின்றது. உண்மையில் உள்ளதோ அளவுக்குட்பட்ட இடமே. அவ்விடத்தை யாவற்றுக்கும் பங்கிட்டளிக்கும் பொறுப்பு, பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கெர்னலைச் சார்ந்தது. அறுபது ஆண்டுகளாக ஆராயப்பட்டும் இப்பங்கீடு முற்றுப்பெறாதிருப்பதன் காரணம் ஈண்டு ஆராயப்படுகின்றது.

இத்துறைக்கு வழிகாட்டியது, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1962 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அற்லசு என்னும் கணினியாகும். அதன் விரைவான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களையே கொண்டது. மந்தமான காந்த உருளையோ 98,304 சொற்களைக் கொண்டது. சொல் என்பது 48 பிற்றுகளாலான ஓரலகு. 512 சொற்களை ஒரு பக்கமாக வகுத்து, வேண்டிய பக்கத்தை உருளையினின்று தானே கொணரும் ஏற்பாட்டினால், இரண்டும் ஒரே நினைவகமாகச் செய்நிரலுக்குத் தோன்றின. இன்றைய கணினிகளும் இந்நெறியையே பின்பற்றுகின்றன.

புதிய பக்கம் புகுவதற்கு இடமில்லையெனின் எதனை வெளியேற்றுவது? இதுவே முதற் சிக்கல். மிகப் பிந்தித் தேவைப்படும் பக்கத்தை அகற்றுவதே சிறந்த முறையென லஸ்லோ பெலாடி 1966 இல் விளக்கினார். ஆனால் கெர்னல் வருங்காலத்தை அறியாது. சென்ற காலத்தைக் கொண்டே ஊகிக்கின்றது. பெருங்கோப்பொன்று ஒருமுறை மட்டும் வாசிக்கப்படினும், அதன் பக்கங்கள் அண்மையிற் பயன்பட்டவையாய்த் தோன்றி, உண்மையில் வேண்டியவற்றை வெளியேற்றக்கூடும். ஒவ்வொரு பயன்பாட்டையும் குறித்துவைப்பின் அக்குறிப்பே காலத்தை விழுங்கும். லினக்சு கெர்னலில் 2022 இற் சேர்க்கப்பட்ட பல தலைமுறைப் பகுப்புமுறை ஊகத்தைச் செம்மையாக்கிற்றேயன்றி, ஊகத்தின் தேவையை ஒழிக்கவில்லை.

இரண்டாவது, பக்கத்தின் அளவு. 4,096 பைற்றுகளைக் கொண்ட பக்கமே பெருவழக்கு. இவ்வளவின்படி 16 கிகாபைற்று நினைவகத்தில் 41 இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் அமையும். அவற்றின் முகவரிகளை விரைந்து காட்டும் வன்பொருள் அட்டவணையோ மிகச் சிறிது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை ஒன்றாக்கிப் பெரும்பக்கம் அமைத்தால் இக்குறை தணியும். ஆயினும், நெடுநேரம் இயங்கிய கணினியில் வெற்றிடங்கள் சிதறிக் கிடக்கும்; அவற்றை ஒருங்கு சேர்க்கக் காலம் செலவாகும்; கெர்னல் தானே பயன்படுத்தும் பக்கங்கள் பலவற்றை நகர்த்துதலும் இயலாது. மேலும், பெரும்பக்கத்தின் ஒரு மூலை மட்டுமே பயன்படின் எஞ்சிய இடம் வீணாகும்.

மூன்றாவது, வாக்குறுதி பற்றியது. செய்நிரல்கள் கேட்டுப் பெறும் இடம் முழுவதையும் பயன்படுத்துவது அரிது. ஆகவே லினக்சு, உள்ளதற்கு மேலாகவும் இடம் தருவதாக ஏற்றுக்கொள்கின்றது. எல்லாச் செய்நிரல்களும் ஒருங்கே தத்தம் பங்கை நாடும்போது இடம் தீர்ந்துவிடும். அப்பொழுது கெர்னல் செய்நிரலொன்றைத் தெரிந்து பலியிடும். பெரும்பாலும் மிகுந்த இடம் கொண்டதே பலியாகும். அதுவே ஒரு நிலையத்தின் பதிவேடுகளைப் பேணும் தலையாய செய்நிரலாகவும் இருக்கக்கூடும். வாக்குறுதியைச் சுருக்கினாலோ, வெற்றிடம் இருக்கவும் கேட்டவர்க்கு இல்லையென்று மறுக்க நேரிடும்.

இம்மூன்றுக்கும் மூலம் ஒன்றே. செய்நிரல் இனி யாது வேண்டும் என்பதை அறியாமலே கெர்னல் இப்பொழுதே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. நினைவகத்தைப் பெருக்குவதனால் மட்டும் இது தீராது. இடம் பெருகுந்தோறும் அதனை நாடும் செய்நிரல்களும் பெருகுகின்றன. எல்லாச் சூழ்நிலைக்கும் பொருந்தும் ஒரு விதியைத் தேடுவதினும், எச்சூழ்நிலையில் எவ்விழப்பு பொறுக்கத்தக்கது என வரையறுப்பதே ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும். கணிதமும் பொறியியலும் பயிலும் மாணவர்க்கு இத்துறை இன்னும் திறந்தே கிடக்கின்றது.