இரு பக்கமும் அச்சாரம்: ஸ்ட்ராடில் என்பது என்ன?

கைப்பேசியிலேயே பங்குச் சந்தைக் கணக்கு தொடங்கும் வசதி வந்தபின், குறிஞ்சிப்பாடிக் கடைவீதியிலும் ஆப்ஷன் பேச்சு கேட்கிறது. “ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்” என்று சொல்லப்படும் ஸ்ட்ராடில் பற்றி அன்பர்கள் சிலர் விளக்கம் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

ஆப்ஷன் நமக்குப் பழக்கமான அச்சாரம் போன்றதுதான். அடுத்த மாத மணிலாவுக்கு இன்ன விலை என்று பேசி முன்பணம் கொடுக்கிறோம். விலை ஏறினால் பேசிய விலைக்கு எடுக்கலாம். இறங்கினால் அச்சாரத்தை விட்டுவிட்டு ஒதுங்கலாம். இப்படி வாங்கும் உரிமை ‘கால் ஆப்ஷன்’. விற்கும் உரிமை ‘புட் ஆப்ஷன்’. அச்சாரத்துக்குப் பெயர் பிரீமியம். ஒரே விலைக்கு, ஒரே கெடுவுக்கு இரண்டையும் சேர்த்து வாங்குவதே ஸ்ட்ராடில்.

பங்கு வாங்கும் கணக்கு மட்டும் இதற்குப் போதாது. வங்கி ஸ்டேட்மென்ட் அல்லது வருமான வரிக் கணக்கைக் காட்டி இந்தப் பிரிவுக்குத் தனி அனுமதி பெற வேண்டும். பிறகு இரண்டு ஆர்டர்களையும் விலை குறிப்பிட்டே போட வேண்டும். “சந்தை விலை” என்று விட்டால் கேட்ட விலைக்குக் கிடைக்காது.

கணக்கைப் பார்ப்போம். நிஃப்டி 24,000. கால் பிரீமியம் 200, புட் 180, லாட் 75 என்று வைத்துக்கொண்டால் முதல் 28,500 ரூபாய். கெடு நாளில் நிஃப்டி 24,380-க்கு மேலோ 23,620-க்குக் கீழோ போனால்தான் லாபம். நடுவில் நின்றால் நஷ்டம். தரகும் வரியும் தனி. பிரீமியமோ மழைக்காலத்து வெல்லம் போல நாளுக்கு நாள் கரையும். தேர்தல், பட்ஜெட் என்றால் தீபாவளிக்கு முந்தைய எண்ணெய் விலை போல முன்னதாகவே ஏறி, நாள் கழிந்ததும் படுத்துவிடும்.

2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,264-இல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு. 1,379 புள்ளி சரிவு. 23,250 புட் வைத்திருந்தவருக்கு அன்று மாலை 1,365 புள்ளி கையில் இருந்தது. 6-ஆம் தேதிக் கெடு வரை காத்திருந்தவருக்கு சுமார் 430-தான் மிஞ்சியது. எப்போது கணக்கை முடிப்பது என்பதுதான் இதில் பாதி வியாபாரம்.

சிலர் ஸ்ட்ராடிலை வாங்காமல் விற்கிறார்கள். அச்சாரம் உடனே கைக்கு வரும். நஷ்டத்துக்கு எல்லை கிடையாது. பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலர் நிக் லீசன் ஜப்பானின் நிக்கேய் குறியீட்டில் இப்படி விற்றுவந்தார். 1995 ஜனவரி 17-இல் கோபே நிலநடுக்கம் வந்து சந்தை சரிந்தது. ஈடுகட்ட அவர் மேலும் மேலும் வாங்கிக் குவிக்க, 1762-இல் தோன்றிய அந்த வங்கியே பிப்ரவரியில் மூழ்கியது.

2024-இல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இந்த வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மண்டிக்குக் கட்ட வேண்டிய பணத்தை இதில் போடுவதை நாம் ஒப்புவதற்கில்லை. பாக்கி கேட்டு வருபவருக்கு நிஃப்டி கதை சொல்ல முடியாது.

இன்னொன்று: தனிப் பங்குகளின் ஆப்ஷனைக் கெடு வரை வைத்திருந்தால் பங்கையே முழுப் பணம் கொடுத்து எடுக்கவோ ஒப்படைக்கவோ நேரிடலாம். லாபமோ நஷ்டமோ, வியாபார வருமானமாக வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஆகவே கடைக் கணக்கோடு இதன் ஸ்டேட்மென்ட்டையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடவும்.