துளசிச் சாறு ரேடியேஷனைத் தடுக்குமா?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் இந்த ஃபார்வர்டு ஒரு தடவையாவது வந்திருக்கும்: "தினமும் துளசி சாப்பிடுங்க, ரேடியேஷன் உங்களை ஒண்ணும் பண்ணாது." நாமும் "சும்மா கதை"ன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். ஆனா இதுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு ஆராய்ச்சி இருக்கு. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் 1990-களில் உமா தேவி என்ற ஆய்வாளரின் குழு எலிகளுக்குத் துளசி இலைச் சாற்றைக் கொடுத்துவிட்டு, அப்புறம் காமா கதிரைப் பாய்ச்சிப் பார்த்தது. சாறு வாங்கின எலிகள் அதிகமா பிழைத்தன.

அப்போ ஃபார்வர்டு சரிதானா? அவசரப்படாதீங்க. முதல்ல ரேடியேஷன் உள்ளே போய் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். (நான் சொல்றது எக்ஸ்-ரே, காமா மாதிரியான அயனியாக்கும் கதிர்கள். செல்போன் சிக்னலுக்கு அந்த சக்தி கிடையாது, அதை இதோட குழப்பிக்க வேண்டாம்.)

நம்ம செல்லுக்குள்ள பெரும்பகுதி தண்ணீர். கதிர் உள்ளே வந்ததும் தண்ணீர் மூலக்கூறை உடைச்சு ஹைட்ராக்ஸில் ரேடிக்கலை உண்டாக்குது. பக்கத்துல எது கிடைச்சாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சமாச்சாரம் அது. டிஎன்ஏ பக்கத்துல இருந்தா டிஎன்ஏ காலி. எக்ஸ்-ரே, காமா கதிரால டிஎன்ஏ-வுக்கு வர்ற சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி மறைமுகமா வர்றதுதான். இந்த ரேடிக்கலோட ஆயுள் செல்லுக்குள்ள வெறும் சில நானோ செகண்ட். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க.

இதுல முதல் அடி நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத்தான். வேகமா பிரியுற செல்கள்தான் கதிருக்குச் சீக்கிரம் பலியாகும்னு 1906-லேயே பெர்கோனி, ட்ரிபோண்டோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிட்டாங்க. எலும்பு மஜ்ஜை அந்த விதிக்குள்ள கச்சிதமா அடங்கும். லிம்போசைட் மட்டும் அடங்காது. ரத்தத்துல சும்மா சுத்திக்கிட்டிருக்கிற, பிரியாத லிம்போசைட்கூட கொஞ்சம் கதிர் பட்டாலே தற்கொலை பண்ணிக்கும். அணு விபத்தில் சிக்கினவர் எவ்வளவு டோஸ் வாங்கியிருக்கார்னு, முதல் இரண்டு நாள்ல அவரோட லிம்போசைட் எண்ணிக்கை எவ்வளவு வேகமா சரியுதுன்னு பார்த்தே கணக்குப் போடுறாங்க. மஜ்ஜை என்கிற ஃபேக்டரி மூடிட்டா, ரத்தத்தில் இருக்கிற பழைய ஸ்டாக் தீர்ந்ததும் சாதாரணக் கிருமியே ஆளைக் கொன்னுடும். உடம்பு முழுக்க சுமார் 4 கிரே வாங்கி, சிகிச்சையும் கிடைக்காட்டி, பாதிப் பேர் பிழைக்க மாட்டாங்க.

துளசி இங்கேதான் வருது. அந்த இலையிலிருந்து ஓரியன்டின், விசெனின் என்ற இரண்டு ஃப்ளேவனாய்டுகளை அதே குழு பிரிச்சு எடுத்தது. கப்பலோட அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டியை மாட்டி வைப்பாங்களே, துரு இரும்பை விட்டுட்டு அதைத் தின்னும்னு படிச்சிருப்போமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். ரேடிக்கல் டிஎன்ஏ-வைத் தொடுறதுக்குள்ள ஃப்ளேவனாய்டு தன்னோட ஹைட்ரஜனைக் கொடுத்து அதைச் சாந்தப்படுத்துது.

இப்போ அந்த நானோ செகண்டுக்கு வாங்க. அவ்வளவு நேரத்தில் காரியம் முடியுதுன்னா, துத்தநாகம் முன்கூட்டியே மாட்டியிருக்கணும். மணிப்பால் எலிகளுக்கும் கதிருக்கு முன்னாடி ஐந்து நாள் சாறு கொடுத்தாங்க, அதுவும் வயிற்றுக்குள்ள ஊசியா. கதிர் பட்ட பிறகு கஷாயம் குடிச்சு ரேடிக்கலைப் பிடிக்க முடியாது. வாய் வழியா குடிக்கிறது குடலையும் கல்லீரலையும் தாண்டணும் என்பது தனிக் கதை.

எவ்வளவு காப்பாத்துச்சு? இந்தத் துறையில் டோஸ் குறைப்புக் காரணின்னு ஒண்ணு உண்டு. நம்ம ஃபேக்டர் ஆஃப் சேஃப்டிக்குச் சித்தப்பா பையன்னு வச்சுக்கலாம். துளசிச் சாறுக்கு அது 1.28. அதாவது பாதி எலிகளைக் கொல்ல 28 சதவீதம் அதிக டோஸ் தேவைப்பட்டது. ஒரு இலைக்கு இது பெரிய விஷயம்தான். ஆனா "ஒண்ணும் பண்ணாது" என்கிற அளவு இது கிடையாது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி வேற. போருக்காக அமெரிக்க ராணுவம் கண்டுபிடிச்ச டபிள்யூஆர்-2721, அதாவது அமிஃபோஸ்டின், துளசியைவிட பலமான மருந்து. ஆனா பிரஷரை இறக்கிடும், வாந்தி வரவைக்கும். மணிப்பால் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தாங்க. மஜ்ஜைக்குக் கிடைச்ச பாதுகாப்பும் கூடிச்சு, மருந்தோட நச்சுத்தன்மையும் குறைஞ்சுது. தனியா ஹீரோ ஆகாட்டியும் நல்ல பக்கவாத்தியம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, நம்ம வீடுகளில் ரேடியேஷனைச் சந்திக்கிற ஆள் அணு உலைக்காரர் கிடையாது, கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கிற பெரியப்பாவோ அத்தையோதான். "உடம்பு தாங்கணுமே"ன்னு பாசத்துல யாராவது துளசி கேப்சூல், அமுக்கரா, மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட்னு வாங்கிக் கொடுப்பாங்க. அங்கே கட்டியைக் கொல்றதும் அதே ஹைட்ராக்ஸில் ரேடிக்கல்தான். துத்தநாகத்துக்கு எது நல்ல இரும்பு, எது கெட்ட இரும்புன்னு தெரியுமா?

இது வெறும் பயம் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 540 பேரை வச்சு கனடாவில் நடந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அதில் சோதிச்சது தாவரச் சாறு இல்லை, வைட்டமின் ஈ-யும் பீட்டா கரோட்டினும். ஆனா தத்துவம் ஒண்ணுதான். மாத்திரை எடுத்தவங்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைஞ்சுது. கூடவே, கட்டி அதே இடத்தில் திரும்பி வர்றதும் அவங்ககிட்ட கொஞ்சம் அதிகமா தெரிஞ்சுது. ட்ரீட்மென்ட் நடக்கும்போதே புகை பிடிச்சவங்ககிட்ட இந்தக் கெடுதல் இன்னும் தெளிவா இருந்ததுன்னு பின்னாடி தெரியவந்தது.

ரசத்தில் போடுற மஞ்சளையும், கோயில்ல கொடுக்கிற துளசித் தீர்த்தத்தையும் யாரும் நிறுத்தச் சொல்லலை. சாறைச் சுருக்கி அடைச்ச கேப்சூல்தான் பிரச்சினை. வீட்டில் யாராவது ரேடியேஷனுக்குப் போறாங்கன்னா அந்த பாட்டிலை அப்படியே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கதிர் சிகிச்சை டாக்டர் மேஜையில வச்சு, "இதை இப்போ சாப்பிடலாமா, முடிஞ்ச பிறகா?"ன்னு கேளுங்க. பெரியவங்க கேட்கக் கூச்சப்படுவாங்க, கூடப் போற நீங்களே கேட்டுடுங்க.