டிம்புக்டுவுக்கு 52 நாள்

மொரோக்கோவின் தெற்கே, திரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸகோரா ஊரில் ஓர் அறிவிப்பு உண்டு. மணல்வெளியில் ஒட்டகங்கள் நடக்கும் படம். பக்கத்தில் ‘டிம்புக்டு 52 நாள்’ என்ற எழுத்து. ஒட்டகச் சாத்துகள் சகாராவைத் தாண்டி இன்றைய மாலி நாட்டுக்குப் போய்ச் சேர ஆன நாள் கணக்கு அது. அவ்வழியே வரும் மாணவர் குழுக்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு வாய்த்திருப்பதோ பெரும்பாலும் மூன்று நாள். அந்தக் காலத்துப் பொறுமை இந்தக் காலத்துக்கு இல்லை என்று அலுத்துக்கொள்ள நான் வரவில்லை. அந்த வழி எதற்காக இருந்தது, எங்கே போய் முடிந்தது, யாரைச் சுமந்தது என்ற கேள்வி அந்த மூன்று நாளில் ஒருமுறைகூட எழாமல் போகிறதே, அதுதான் கவலை.

வழக்கமான திட்டம் இப்படி இருக்கும். ரபாத்திலோ ஃபெஸ்ஸிலோ ஒரு பருவம் அரபி படிக்க வந்த மாணவர்கள், அல்லது ஸ்பெயினிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வரும் பரிமாற்ற மாணவர்கள், மராக்கேஷில் வேன் ஏறுகிறார்கள். 2,260 மீட்டர் உயரக் கணவாய் வழியாக அட்லஸ் மலையைத் தாண்டி, அய்த் பென்ஹத்து என்ற மண்கோட்டை ஊரில் கொஞ்சம் இறங்கி, படப்பிடிப்பு அரங்குகளுக்குப் பேர்போன வர்ஸஸாத்தைக் கடந்து, சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெர்ஸுகாவுக்குப் போகிறார்கள். அங்கே எர்க் ஷெப்பி மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி, கூடாரம், இரவில் மேளம், காலையில் சூரிய உதயம். பிறகு திரும்பி வந்து மராக்கேஷ் கடைவீதியில் அரை நாள் பேரம். பாலைவனம் பார்ப்பதற்கு, சந்தை வாங்குவதற்கு என்று பயணம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இந்தப் பிளவுதான் கோளாறு என்பது என் வாதம். அந்த மணலும் அந்தக் கடைவீதியும் ஒரே வழியின் இரு முனைகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தராத பயணம், பல்கலைக்கழகமே நடத்தினாலும், கல்விப் பயணம் ஆகாது.

மெர்ஸுகா போகும் வேன்கள் கடந்து செல்லும் ஊர் ரிசானி. அதன் ஓரத்தில் சில மண்சுவர்கள் இடிந்து நிற்கின்றன. 8ஆம் நூற்றாண்டில் எழுந்த சிஜில்மாஸா நகரத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். தெற்கிலிருந்து பொன் வந்து இறங்கியது இங்கேதான். வடக்கின் துணியும் பேரீச்சையும் கிளம்பியதும், வழியில் சகாரா உப்பை ஏற்றிக்கொள்ளும் சாத்துகள் புறப்பட்டதும் இங்கிருந்துதான். மதுரை சுல்தானிடம் தங்கி, அங்கே கண்ட கொடுமைகளை எழுதிவைத்ததால் தமிழ் வாசகர் அறிந்த இபின் பதூதா, 1352இல் இந்தச் சிஜில்மாஸாவிலிருந்துதான் மாலிக்குக் கிளம்பினார். அங்கே ஒட்டகங்களை வாங்கினார். நான்கு மாதத் தீனிக்கு ஏற்பாடு செய்துகொண்டார். 25 நாள் நடந்து தகாஸா என்ற உப்புச் சுரங்க ஊரை அடைந்தார். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல், உப்பை வெட்டியவர்கள் அடிமைகள் என்று சொல்லியிருக்கிறார். தன் சாத்தின் வழிகாட்டிக்கு ஒரு கண் பார்வையே இல்லை, மற்றொன்றும் பழுது, ஆனாலும் வழியை அவரைப்போல அறிந்தவர் இல்லை என்றும் வியந்திருக்கிறார். ஆக, அந்தப் பாலைவனம் யாருமற்ற வெட்டவெளியாக இருந்ததே இல்லை. அது ஒரு நெடுஞ்சாலை. கிணறு எங்கே இருக்கிறது, எந்தக் குலத்தாரிடம் பாதுகாப்புக் கேட்க வேண்டும், எத்தனை மூட்டை ஏற்றலாம் என்ற அறிவின்மேல் ஓடிய நெடுஞ்சாலை.

அந்தச் சாலை வடக்கே போய் நுழைந்த இடம்தான் கடைவீதி. ஃபெஸ் பழைய நகரத்தில் ஃபுந்துக் என்று ஒரு வகைக் கட்டடம் உண்டு. நடுவே முற்றம், கீழே சரக்குக்கும் கழுதைக்கும் இடம், மேலே வணிகர் தங்கும் அறைகள். நம் சொல்லில் சத்திரம். தச்சர் தெருவில் உள்ள 18ஆம் நூற்றாண்டு ஃபுந்துக் இப்போது மரவேலை அருங்காட்சியகமாக இருக்கிறது. தச்சருக்கு ஒரு தெரு, செம்புக் கொல்லருக்கு ஒரு சதுக்கம், நறுமணப் பொருளுக்கு ஒரு வீதி என்று தொழில்வாரியாகப் பிரிந்த நகரம் அது. தோல் பதனிடும் ஷுவாரா அதன் ஓரத்தில், தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் ஊறிய தோலைத் தொழிலாளிகள் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கிறார்கள். மாணவர்கள் அதைப் பக்கத்துத் தோல்கடையின் மாடியில் நின்று, நாற்றத்துக்காகக் கையில் தரப்பட்ட புதினாக் கொத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். எனக்கு இந்தப் பயணம் முழுவதற்கும் அடையாளமாகத் தெரிவது அந்த மாடிதான். மேலிருந்து பார்த்தால் வண்ணத் தொட்டிகள் தெரியும். ஒரு தோல் எந்த மேய்ச்சல் நிலத்து ஆட்டிலிருந்து வந்தது, பதப்பட எத்தனை நாள் ஊறியது, தொட்டியில் நிற்பவருக்கும் கீழே பை விற்பவருக்கும் இடையே பணம் எப்படிப் பிரிகிறது என்பதெல்லாம் அங்கிருந்து தெரியாது.

மாணவர்களுக்கென்றே ஒரு செய்தி அந்தக் கடைவீதியில் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. மொரோக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் பிற மதத்தார் போக முடியாது. பழைய மதரஸாக்களுக்குள் போகலாம். ஃபெஸ்ஸின் அத்தாரீன் மதரஸா 1325இல் முடிந்தது. அதே நூற்றாண்டின் நடுவில் சுல்தான் அபூ இனான் கட்டியது பூ இனானியா. இபின் பதூதாவின் பயணத்தைச் சொல்லச் சொல்லி எழுதவைத்தவரும் அவர்தான். இந்த மதரஸாக்களின் செலவை ஏற்றது வக்ஃபு என்ற அறக்கொடை. எந்தெந்தக் கடை, எந்த மாவாலை, எந்தக் குளியல்கூடம் ஆகியவற்றின் வாடகை இந்த மாணவருக்குச் சேரும் என்று பளிங்குப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே மிளகும் இலவங்கமும் விற்ற வாடகையில்தான் உள்ளே ஒருவன் இலக்கணமும் சட்டமும் படித்தான். மராக்கேஷின் பென் யூசுஃப் மதரஸாவிலும், 1960 வரை, பாய் விரித்தால் நிறையும் அறைகளில் மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். இன்று வரும் மாணவர் குழு அந்த முற்றத்தின் ஓடுகளையும் சுதைவேலையையும் படம்பிடித்துவிட்டுப் போகிறது. சந்தை தம்மைப்போன்ற ஒருவனுக்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டு சோறு போட்டது என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால், வெளியே வந்து கடைக்காரர் முகத்தைப் பார்க்கும் பார்வை மாறியிருக்குமே! அரபியில் மாணவருக்குத் ‘தாலிப்’ என்று பெயர். தேடுகிறவர் என்று பொருள்.

கூடாரத்து இரவு மேளத்துக்கு வருவோம். எர்க் ஷெப்பியின் தெற்கு ஓரத்தில் கம்லியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழும் கறுப்பின மக்கள், சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். மூன்று தந்தி கொண்ட கிம்ப்ரியும், கையில் இரும்புத் தாளங்களும் வைத்து அவர்கள் பாடும் கினாவா இசையை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இபின் பதூதா மாலியிலிருந்து திரும்பிய சாத்தில் 600 அடிமைப் பெண்கள் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள் என்று அவர் நூல் சாதாரணமாகச் சொல்லிப் போகிறது. மணல்மேல் நெருப்பு மூட்டி, கைதட்டி ரசிக்கப்படும் அந்தத் தாளத்தின் வேர் இந்த நடையில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேளத்தை மட்டும் கேட்கவைப்பது அந்த இசைக்காரருக்கும் அநியாயம், கேட்கிற பிள்ளைகளுக்கும் அநியாயம். ஒட்டகத்தை ஓட்டி வருபவரின் கதையும் அப்படித்தான். நீலத் தலைப்பாகையைப் பார்த்து அவரைத் துவாரெக் நாடோடி என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். இப்பகுதியில் பெரும்பாலும் அவர் அய்த் அத்தா கூட்டத்தைச் சேர்ந்த அமாசிக், அதாவது பெர்பர். அவர் தாய்மொழியான அமாசிக் 2011 அரசியல் சாசனத்தில் ஆட்சிமொழியானது. அவர் முன்னோர் மந்தையோடு அலைந்தவர்கள். அல்ஜீரியாவுடனான தரை எல்லை 1994இல் மூடப்பட்டது; மழையும் பொய்த்துக்கொண்டே போனது. மேய்ச்சல் வழி அடைபட்ட பிறகு கையில் எஞ்சிய ஒட்டகத்தின்மேல் அவர் ஏற்றுவது மாணவரை.

தண்ணீரை விட்டுவிட்டு இந்த நிலத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. ரிசானிக்கு அருகில் உள்ள எர்ஃபூத் ஊர்ப் பக்கத்துச் சாலையோரம் எறும்புப் புற்றுகள்போல மண்மேடுகள் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றும் ஒரு கிணற்றுவாய். அடியில், மலையடிவார நிலத்தடி நீரைச் சரிவிலேயே பல கிலோமீட்டர் நடத்தி வரும் சுரங்க வாய்க்கால் ஓடுகிறது. பாரசீகத்தில் கனாத், இங்கே கெத்தாரா. யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பங்கிட்டார்கள். அந்தப் பங்கில்தான் ரிசானியைச் சூழ்ந்த தாஃபிலால்த் வட்டாரத்தின் பேரீச்சைத் தோப்புகள் நின்றன. 1971இல் அவ்வட்டாரத்து ஸிஸ் ஆற்றில் அணை வந்தது, பிறகு மோட்டார் பம்புகள் வந்தன, நீர்மட்டம் இறங்கியது, பல கெத்தாராக்கள் வறண்டுவிட்டன. இன்று குன்றுகளின் அடிவாரத்து விடுதிகளில் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் பெய்த மழையில், மொரோக்கோவின் தெற்குப் பாலையில் அரை நூற்றாண்டு வறண்டு கிடந்த இரிக்கி ஏரியில் நீர் நின்றது. அந்தப் படத்தை உலகமே அதிசயமாகப் பார்த்தது. அந்த அதிசயத்தைப் புரிந்துகொள்ள ஒரு கெத்தாராவின் வாயில் அரை மணி நின்று கேட்டால் போதும். அந்த அரை மணி பெரும்பாலான திட்டங்களில் இல்லை.

இருபது வயதில் வியப்புத்தான் முக்கியம், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வியப்பை நான் குறைத்துப் பேசவில்லை. 150 மீட்டர் உயர மணற்குன்றின்மேல் விடியலில் உட்காரும் பிள்ளையிடம் அப்போது வரலாறு பேசுவது கொடுமை. ஆனால் அந்த வியப்பில் எவ்வளவு அவருடையது என்று கேட்க வேண்டும். அவர் மனத்தில் இருக்கும் பாலைவனம் சினிமா தந்தது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘கிளாடியேட்டர்’ போன்ற படங்களுக்கு அய்த் பென்ஹத்து வேறு வேறு நாடாக நடித்துக் கொடுத்திருக்கிறது. திரையில் பார்த்ததை நேரில் சரிபார்த்துத் திரும்புவதில் வியப்புக்கு இடம் எங்கே?

இதைவிடக் கனமான மறுப்பு, வயிற்றைப் பற்றியது. 2024இல் மொரோக்கோவுக்கு 1.74 கோடிப் பேர் வந்தார்கள். கூடாரமும் ஒட்டகமும் கைவினைக் கடையும் அவர்களை நம்பியிருக்கின்றன. 2023 செப்டம்பர் 8 இரவு அட்லஸ் மலையில் நிலநடுக்கம் கிட்டத்தட்ட 3,000 உயிர்களைக் கொண்டுபோனபின், பயணிகள் வராமல் போய்விடுவார்களோ என்பதும் அங்கே ஒரு பயமாக இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ‘இது உண்மையான பாலைவனம் இல்லை’ என்று மேதாவித்தனம் பேசுவது அவர்கள் தட்டில் மண் போடுவதாகாதா? ஆகும், அதனால் நான் அதைப் பேசவில்லை. கூடாரக்காரர் செய்வது நேர்மையான தொழில். நான் கேட்பது, அவரிடம் விலைக்கு வாங்க வேறு சரக்கும் இருக்கிறதே என்பதுதான். கெத்தாராவின் முறைக்கணக்கு, பேரீச்சைக்கு மகரந்தம் கட்டும் நாள், ஆட்டுமயிர்க் கூடாரம் நெய்யும் விதம், இவை அவருக்கும் அவர் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். தலைப்பாகைக்கும் சவாரிக்கும் கொடுக்கும் பணத்தை அந்த அறிவுக்கும் கொடுத்தால் அவர் வருமானம் கூடுமே தவிரக் குறையாது. கம்பளம் நெய்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், விற்பவர்கள் நகரத்து ஆண்கள். மாணவர் பேரம் பேசி மிச்சம் பிடித்த பணம் இவர்களில் யார் பங்கிலிருந்து போனது என்பது, கடையிலேயே நின்றால் தெரியப்போவதில்லை.

அப்படியானால் அந்த மக்களை ஆய்வுப் பொருளாக்கச் சொல்கிறீர்களா, அது வேடிக்கை பார்ப்பதைவிட மோசமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறிப்பேட்டோடு ஒருவர் வாசலில் போய் நிற்பது படம்பிடிப்பதைவிட உறுத்தலாகத்தான் இருக்கும். இதற்குச் சந்தையே விடை வைத்திருக்கிறது. சந்தையில் கேள்வி கேட்பது வாங்குகிறவரின் உரிமை. எங்கே விளைந்தது, யார் செய்தது, ஏன் போன வாரத்தைவிட விலை கூடியது என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்காமல் வாங்குகிறவரைத்தான் ஏமாளி என்று நினைப்பார்கள். அந்நிய மாணவியர் கடைவீதியில் தொல்லைக்கு ஆளாவது உண்மை. பொது இடத்துச் சீண்டலைத் தண்டிக்கும் சட்டம் 2018இல் வந்தும் அது தீர்ந்துவிடவில்லை. அதற்காக வேனை விட்டு இறக்காமல் கொண்டுபோவதைவிட, உள்ளூர்ப் பெண் ஒருவரை வழிகாட்டியாக வைத்து, தாரிஜா என்ற மொரோக்கோ அரபிப் பேச்சுவழக்கைக் கொஞ்சம் கற்றுக்கொடுத்து அழைத்துப்போவது மேல்.

நேரம் இல்லை என்பது எனக்கு மறுப்பாகவே படவில்லை. மூன்று நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட நேரம் இருக்கிறதே. மராக்கேஷை விட்டுவிட்டு ஃபெஸ்ஸிலிருந்து கிளம்பி, ரிசானியில் இரண்டு இரவு தங்கினால் கணக்கு சரியாகிவிடும். ரிசானியில் சந்தை கூடுவது ஞாயிறு, செவ்வாய், வியாழன். கழுதைகளைக் கட்டிவைக்கவே அங்கே தனி இடம் உண்டு. ஆடு ஒரு பக்கம், பேரீச்சை ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம் என்று சிஜில்மாஸாவின் மண்சுவர்களுக்கு அருகிலேயே வியாபாரம் நடக்கிறது. ஒரு பயணத் திட்டத்தை அந்த மூன்று கிழமைகளில் ஒன்றிலிருந்து பின்னோக்கி எண்ணி வகுக்கலாம். ஒட்டகச் சவாரியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். மாதம் அக்டோபராக இருந்தால் நல்லது, அது தாஃபிலால்த்தில் பேரீச்சை அறுவடைக் காலம்.