டர்போ கெட்டால் மாற்றினால் மட்டும் போதுமா?

நம் வணிகத்திற்குக் கடை ஒரு கால் என்றால் சரக்கு வண்டி மறுகால். மலைப் பகுதிகளுக்குச் சரக்கு அனுப்பும் நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகளும், அங்கே கடை வைத்திருக்கும் மளிகைக்காரர்களும் இதை நன்கு அறிவர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை, கோத்தகிரி எஸ்டேட் சாலைகள் வரை ஏறும் நான்கு சக்கர இயக்க டீசல் பிக்கப் வண்டிகளில் பெருஞ்செலவு வைக்கும் உறுப்புகளுள் ஒன்று டர்போ சார்ஜர். அதைக் கெடுத்தது எது என்று கண்டறியாமல் புதியதைப் பொருத்தினால், புதியதும் பழையதன் வழியே போய்விடும்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் இந்த அச்சைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாரத்துடன் அங்கே ஏற டர்போவின் துணை அவசியம்.

ஏற்றத்தில் இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால் உடனே டர்போவைக் குறை சொல்ல வேண்டாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலையாகவும் இருக்கலாம். நீலப் புகையும், ஆயில் குறைவும், சைரன் போன்ற ஊளையும் சேர்ந்து வந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். என்ஜின் ஆறிய பின் காற்றுக் குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்னும் பின்னும் அசைந்தாலோ, இறக்கை கூட்டில் உரசினாலோ டர்போ கெட்டுவிட்டது என்று பொருள்.

எங்கள் கடைச் சரக்கேற்றும் வண்டி ஒன்றுக்குப் பட்டறையில் புது டர்போ பொருத்தினார்கள். மூன்றே மாதத்தில் அதுவும் போயிற்று. வேறு மெக்கானிக் பார்த்தபோது, டர்போவுக்கு ஆயில் செல்லும் குழாய் கரி படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பழைய குழாயையே திரும்ப மாட்டியிருந்தார்கள். குழாயின் விலை டர்போ விலையில் ஒரு சிறு பகுதிதான். வண்டி நின்ற நாட்களில் போன வியாபாரமோ கணக்கில் வராதது.

ஆகவே டர்போ மாற்றும்போது ஆயில் குழாயும் கேஸ்கெட்டுகளும் புதிதாக இருக்கட்டும். ஆயில் திரும்பும் குழாயில் அடைப்பு இருக்கக் கூடாது. ஆயில் வழியில் பசை தடவக் கூடாது. அதன் துணுக்கு உள்ளே போய் அடைத்துவிடும். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, இன்டர்கூலரில் தங்கிய ஆயிலையும் உலோகத் துணுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். டர்போவின் ஆயில் துவாரத்தில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றிவிட்டு, டீசலை நிறுத்திச் சிறிது நேரம் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி ஆயில் அழுத்தம் வரச் செய்ய வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும்.

ஓட்டுநர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டர்போவின் சீல் உடைந்து ஆயில் உள்ளே போனால், என்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது வண்டியை ஓரம் நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியரில் போட்டு கிளட்சை விட்டால் என்ஜின் அடங்கும். புகை கக்கும் என்ஜினில் கையை விட வேண்டாம்.

ஏற்றம் ஏறி வந்ததும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுவதும், ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுவதும் டர்போவின் ஆயுளைக் கூட்டும். பட்டறையில் பணம் கட்டுமுன், "பழையது ஏன் கெட்டது?" என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகே புதியதை வாங்குங்கள்.