திருமுழுக்கும் திருவிருந்தும்: அருட்சாதனமா, கட்டளையா?

சிங்கப்பூரில் தமிழ் வழிபாடு நடைபெறும் பழைய தேவாலயங்கள் சிலவற்றை நடந்தே சென்று காணலாம். ஓஃபிர் சாலையில் 1888ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லூர்து அன்னை தேவாலயம் கத்தோலிக்கருடையது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும், டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கரின் கிறிஸ்து ஆலயமும் உள்ளன. இம்மூன்றிலும் நீரால் முழுக்கு அளிக்கப்படுகிறது. அப்பமும் திராட்சை இரசமும் நினைந்து பகிரப்படுகின்றன. செயல் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அச்செயல்களுக்குப் பொதுப்பெயராக ‘சாக்ரமெந்து’ என்பதை வழங்கலாமா, அதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று கேட்டால், நெடிய ஒரு வரலாறு நம் முன் விரிகிறது.

முதலில் அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீனில் ‘சாக்ரமெந்தும்’ என்பது சமயச் சொல்லாகத் தொடங்கவில்லை. உரோமைப் படைவீரன் எடுக்கும் விசுவாச உறுதிமொழிக்கும், வழக்காடுவோர் கட்டிவைக்கும் பிணைப்பணத்திற்கும் அது பெயராயிருந்தது. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் அதனைக் கிறிஸ்தவச் சடங்குகளுக்கு எடுத்தாண்டார். கிரேக்கத்தில் அதற்கு இணையாக நின்ற சொல் ‘மறைபொருள்’ எனப் பொருள்படும். புதிய ஏற்பாடு இக்கிரேக்கச் சொல்லை முழுக்குக்கோ விருந்துக்கோ பெயராக வழங்கவில்லை. இரண்டையும் இணைக்கும் பொதுப்பெயர் எதனையும் அது தரவில்லை. செயல் முந்தியது, பெயர் பிந்தியது. வழக்கு எழுந்தது பெயரால்தான்.

எத்தனை செயல்களுக்கு அப்பெயர் பொருந்தும் என்பதில் பிளவு கூர்மையடைந்தது. மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதிய நூலின் முடிவில், கிறிஸ்துவின் வாக்கும் புற அடையாளமும் ஒருங்கே உள்ளவை முழுக்கும் அப்பமுமே என்றார். 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம் அவை ஏழே என உறுதிசெய்தது. சுவிட்சர்லாந்தின் சுவிங்ளியோ அச்சொல்லே வழக்கில் நுழையாதிருந்தால் நன்று எனக் கருதினார். 1689ஆம் ஆண்டின் பாப்திஸ்து அறிக்கை அதனை விலக்கி, ‘ஆண்டவர் விதித்த கட்டளைகள்’ என்னும் கருத்துடைய சொல்லை அமைத்துக்கொண்டது. 1935 முதல் சிங்கப்பூரில் பணியாற்றிவரும் இரட்சணிய சேனை இவ்விரு சடங்குகளையும் நடத்துவதில்லை.

இது வெறும் சொற்போர் அன்று. சாக்ரமெந்து என்போர், அச்செயலில் இறைவன் அருளை வழங்குகிறான் என்கின்றனர். ஆகவே பேசவும் அறியாத குழந்தைக்கு முழுக்களிப்பது அவர்களுக்கு இயல்பாகிறது. கொடுப்பவன் இறைவனாதலின் பெறுபவரின் வயது தடையாகாது. கட்டளை என்போர், அது நம்பிக்கை கொண்டவர் கீழ்ப்படிந்து செய்யும் சாட்சி என்கின்றனர். ஆகவே நம்பிக்கையை வாயால் அறிக்கையிடாத குழந்தைக்கு அவர்கள் முழுக்களிப்பதில்லை. குழந்தைப் பருவத்து முழுக்கைப் பலர் முழுக்காகவே ஏற்பதில்லை. இருவேறு சபைகளைச் சேர்ந்த மணமக்களுக்குப் பிறக்கும் குழந்தையின் பொருட்டு இவ்வேறுபாடு வீட்டிற்குள்ளேயே வந்து நிற்கும்.

இனித் தமிழ் என்ன செய்தது என்பதைக் காண்போம். நம் மொழி மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறது. முதல் வழி, ஒலிபெயர்ப்பு. ‘சாக்கிரமெந்து’ என்னும் வடிவம் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றும் உண்டு. அது யார் பக்கமும் சாயாது. ஆனால் தமிழருக்கு எதையும் உணர்த்தாது.

இரண்டாவது வழி, வடமொழிப் புனைவு. பழைய கத்தோலிக்க நூல்கள் ‘தேவதிரவிய அனுமானம்’ என்றன. தருக்க நூலார் புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதை அனுமானம் என்பர். சொல்லைப் பிரித்துப் பார்த்தால், காணும் அடையாளத்தால் காணாத தெய்வப் பொருளை உணர்தல் என்னும் கருத்துப் புலனாகிறது. ‘ஞானஸ்நானம்’ என்பதும் இவ்வழிப்பட்டதே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் ஊழியர் சீகன்பால்கு கத்தோலிக்கரின் தமிழ் நூல்களைக் கற்றவர். அவற்றின் சொற்கள் பலவற்றை எடுத்துக்கொண்டவர். கொள்கையில் பிரிந்தவர்கள் சொல்லைப் பகிர்ந்துகொண்டனர்.

மூன்றாவது வழி, தமிழாக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் (1962–65) வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தபோது ‘அருட்சாதனம்’, ‘அருளடையாளம்’, ‘திருமுழுக்கு’ ஆகியவை நிலைபெற்றன. இவற்றுள் ‘முழுக்கு’ நுட்பமானது. ஐப்பசியில் மயிலாடுதுறைக் காவிரியில் நிகழும் கடைமுழுக்கில் மனிதர் நீருள் மூழ்குகின்றனர். சிராங்கூன் சாலைக் கோயில்களின் குடமுழுக்கிலோ கலசத்தின்மேல் நீர் ஊற்றப்படுகிறது. மூழ்குதல், ஊற்றுதல் ஆகிய இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. முறை பற்றி வழக்கிடும் இரு சாராரும் மனம் ஒப்பிச் சொல்லத்தக்க பெயர் அது.

‘அருட்சாதனம்’ அத்தகையதன்று. சாதனம் என்பது ஒன்றை எய்துவிக்கும் கருவி. அருளை எய்துவிக்கும் கருவி என்று பெயரிட்ட அளவிலேயே, மேற்கண்ட வழக்கில் ஒரு பக்கத்திற்குத் தீர்ப்பளித்துவிடுகிறோம். பொருள் மறைந்துபோன இலத்தீன் சொல்லால் விளையாத சிக்கல், பொருள் துலங்கும் தமிழ்ச் சொல்லால் விளைகிறது. ‘அருளடையாளம்’ சற்றே இடங்கொடுக்கிறது. அடையாளம் அருளைத் தருவதா, சுட்டுவதா என்பதை அது திறந்தே வைக்கிறது. ஆயினும் கட்டளை என்போர் அதனையும் தம் பெயராகக் கொள்வதில்லை.

ஆகவே, இவற்றைச் சாக்ரமெந்து என வழங்கலாமா என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இது. அதனைச் சபைக்குள் தீர்மானிக்கும் உரிமை அந்தந்தச் சபையாருடையது. வகுப்பறையிலும் நாளிதழிலும் மொழிபெயர்ப்பிலும் பொதுநிலையில் நின்று எழுதும் நாம், ‘திருமுழுக்கு’, ‘திருவிருந்து’ எனச் செயலின் பெயரையே முதலில் கூறுவோம். கத்தோலிக்கரைக் குறிக்கையில் ‘அருட்சாதனம்’, ‘நற்கருணை’ என்றும், பாப்திஸ்துகளைக் குறிக்கையில் ‘கட்டளை’ என்றும் அவரவர் சொல்லை வழங்குவோம். ஒருவர் தம் நம்பிக்கைக்கு இட்ட பெயரை மாற்றி எழுதுவது, அந்நம்பிக்கையையே மாற்றி உரைப்பதாகும். பல சமயத்தார் அண்டை வீட்டாராய் வாழும் இந்நகரில், சொல்லைத் தேர்ந்து வழங்கும் கடமை மொழி கற்பிப்போருக்கும் கற்போருக்கும் மிகுதியாகவே உண்டு.