ஊருக்குக் கொடுத்த நிரல் யாருக்குச் சொந்தம்?

"மகன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "என்னமோ கம்ப்யூட்டர் படிப்பாம் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு நகரும் பெற்றோரைத் தோட்டங்களில் இன்று நிறையவே காணலாம். அவன் இரவெல்லாம் விழித்திருந்து எழுதுவது என்ன, எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதைப் பெற்றோரும் சற்றுத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நாளை அவன் வேலைக்குப் போகும்போதோ, நண்பர்களோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கும்போதோ வீட்டில்தானே வந்து யோசனை கேட்பான்!

'இதைச் செய், அது முடிந்ததும் அதைச் செய்' என்று கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் கோவைக்கு நிரல் என்று பெயர். கதை, கட்டுரையைப் போல அதுவும் எழுதியவரின் படைப்பு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம். பாடுபட்டு எழுதியதை உலகத்துக்கெல்லாம் சும்மா கொடுத்துவிடுகிறவர்கள் ஏராளம். 1991இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆம் வயதில் லினக்ஸ் என்ற நிரலை வெளியிட்டார். நம்மவர் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கெல்லாம் அடித்தளம் அதுதான். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனை உண்டு. அதைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், தாம் திருத்தி எழுதியதையும் ஒளிக்காமல் கொடுத்துவிட வேண்டும். வேறு சில உரிமங்களில் இந்தக் கட்டாயமும் கிடையாது. எழுதியவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டால் போதும். விற்றுக் காசும் பண்ணலாம். சங்கடம் இங்கேதான் பிறக்கிறது.

மனைவிக்காக எழுதியது

ஷாய் பேனன் என்பவரின் கதையைக் கேளுங்கள். அவருடைய மனைவி லண்டனில் சமையற்கலை படிக்கச் சென்றார். கூடவே போன கணவருக்கு அங்கே வேலை இல்லை. சும்மா இருப்பானேன் என்று, மனைவியின் சமையல் குறிப்புகளுக்குள் வேண்டியதைத் தேடி எடுக்க ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து, எந்தத் தகவல் குவியலுக்குள்ளும் தேடக்கூடிய நிரலாயிற்று. 2010இல் அதை எலாஸ்டிக்சர்ச் என்ற பெயரில் எல்லாருக்கும் கொடுத்தார். 2012இல் அதை வைத்து ஒரு கம்பெனியும் தொடங்கினார். (சமையல் குறிப்பு தேடும் நிரல் மட்டும் மனைவியின் கைக்கு வந்தபாடில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்!)

2015இல் அமேசான் என்ற பெருங்கம்பெனி அதே நிரலைத் தன் கணினிகளில் ஏற்றி, வாடகைச் சேவையாக விற்கத் தொடங்கியது. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. நம் லயத்து அம்மா ஒருவர் மீன்குழம்புப் பொடியின் பக்குவத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார். பட்டணத்துப் பெரிய கடை அதே பொடியை அரைத்து, அந்த அம்மாவின் பெயரையே பொட்டலத்தில் போட்டு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்குவத்தை எடுத்ததைத் திருட்டு என்று சொல்ல வழியில்லை. பெயரைப் போட்டதுதான் வழக்காகி, 2019இல் நீதிமன்றம் வரை போயிற்று.

2021 ஜனவரியில் பேனனின் கம்பெனி உரிமத்தையே மாற்றியது. அமேசான் சளைக்கவில்லை. பழைய உரிமத்தில் வெளிவந்த நிரலை எடுத்து, ஓப்பன்சர்ச் என்று வேறு பெயரிட்டுத் தானே வளர்க்கலாயிற்று. பேனனின் மீது குறை சொல்வது எளிது. வயிற்றுப்பாடு அவருக்கும் உண்டு, அவரிடம் வேலை செய்வோருக்கும் உண்டு. என்றாலும், பழைய உரிமத்தை நம்பி அந்த நிரலுக்குக் கூலியில்லாமல் கைகொடுத்த வெளியாட்களை நினைத்தால், பாதி வழியில் கணக்கை மாற்றியது முறைதானா என்ற கேள்வி எனக்கு எழத்தான் செய்கிறது. 2024இல் அவரது கம்பெனி, திறந்த உரிமம் ஒன்றையும் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. இணையத்தில் வங்கிக் கணக்கு, கடவுச்சொல் முதலியவற்றைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச நிரலை உலகமே பயன்படுத்திவந்தது. 2014 ஏப்ரலில் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. விசாரித்துப் பார்த்தால், அந்த நிரலுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 அமெரிக்க டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. முழுநேரமாகக் கவனித்தவர் ஒரே ஒருவர்! அதன் பிறகுதான் பெருங்கம்பெனிகள் கூடிப் பணம் போட்டன.

விற்ற பிறகும்

பின்லாந்துக்காரரான மைக்கேல் வைடனியஸ் வேறு வழி கண்டார். தகவல்களை அடுக்கிவைக்கும் தம் நிரலுக்கு மகள் மையின் பெயரைச் சேர்த்து மைஎஸ்கியூஎல் என்று பெயரிட்டார். தங்கள் நிரலைத் திறந்து காட்டுவோருக்கு அது இலவசம். மூடிவைத்து விற்க விரும்பும் கம்பெனி காசு கட்ட வேண்டும். 2008இல் சன் என்ற கம்பெனி ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அடுத்து சன் கம்பெனியே ஆரக்கிள் வசம் போகவிருந்தபோது வைடனியஸ் அஞ்சினார். விற்றது விற்றதுதானே, என்ன செய்ய முடியும்? திறந்த உரிமம் கைகொடுத்தது. அதே நிரலைப் படியெடுத்து, இளைய மகள் மரியாவின் பெயரால் மரியாடிபி என்று 2009இல் தொடங்கிவிட்டார்.

நம் பிள்ளைகளிடம் வருவோம். மேற்சொன்ன நம் நாட்டுச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் உரிமை முதலாளிக்கே போகும். வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி. இரவில் சொந்தமாக எழுதுவதையும் தனதாக்கிக்கொள்ளும் வாசகங்கள் சில கம்பெனிகளின் வேலை ஒப்பந்தங்களில் இருப்பதுண்டு. கையெழுத்துப் போடுமுன் அந்த வரிகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்கினால் வேறொரு சிக்கல். கம்பெனி பதிவாகுமுன் ஒருவன் எழுதிய நிரல் அவனுடையது. அதைக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். "நமக்குள் என்னடா காகிதம்?" என்று மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும் நாளிலேயே அதை எழுதிவிட வேண்டும். ஒருவன் கோபித்துக்கொண்டு போன பிறகு கேட்டால் கையெழுத்துக் கிடைக்காது.